படச்சட்டத்துக்குள் இருக்கும் பேட்மேன் செல் அசல்தானா?

1992இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய பேட்மேன் கார்ட்டூன் தொடரின் அசல் செல் ஒன்றை, அதாவது பாத்திரத்தை வரைந்து வண்ணம் பூசிப் படமெடுத்த ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் ஒன்றை, பின்னணி ஓவியத்தோடும் சான்றிதழோடும் சேர்த்துத் தருவதாக இடைத்தரகர் ஒருவர் சொல்வதாகவும், அதை நம்பி வாங்கலாமா என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதலில் சான்றிதழை ஒதுக்கி வையுங்கள். விற்பவரே அச்சடித்து, விற்பவரே கையெழுத்திடும் காகிதத்துக்கு இந்தச் சந்தையில் இத்தனை மரியாதை எப்படி வந்தது என்பது எனக்கு விளங்கியதே இல்லை. சரிபார்க்கப் பொதுப் பதிவேடு ஒன்றுகூடக் கிடையாது.

சட்டத்தைக் கழற்றச் சொல்லி, செல்லைத் திருப்பி, விளக்கொளி சாய்வாக விழும்படி பிடித்துப் பாருங்கள். படப்பிடிப்புக்குப் போன செல்லில் கோடுகள் முன்புறமும் கையால் பூசிய வண்ணம் பின்புறமும் இருக்கும். ஒரு நிறத்தின் விளிம்பு அடுத்த நிறத்தின்மேல் சற்றே ஏறியிருக்கும். வண்ணம் ஒரே சீராகப் படிந்து, இத்தனை பிரதிகளில் இது இத்தனையாவது என்ற எண்ணும் இருந்தால், அது கடையில் விற்பதற்காகவே பட்டுத்திரை அச்சில் எடுத்த சீரிசெல். அதை விற்பதில் தவறில்லை. படப்பிடிப்பில் பயன்பட்டது என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

செல் தாளின் விளிம்பில், நடுவே வட்டமாகவும் இருபுறமும் நீள்சதுரமாகவும் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தாள்கள் நகராமல் மாட்டி வைப்பதற்கானவை அவை. துளையில்லை என்பதற்காகவே போலி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சட்டமிடுபவர்கள் அழகு கருதி அந்தப் பட்டையை நறுக்கிவிடுவதுண்டு. அதோடு, காட்சியில் அந்தத் தாளின் வரிசையைச் சொல்லும் குறியீடும் போயிருக்கலாம். அத்தகைய செல் அசலாகவே இருக்கக்கூடும், ஆனால் முழுத்தாளுக்குரிய விலையை அதற்குக் கொடுக்காதீர்கள். துளை இருப்பதும் அசலுக்குச் சாட்சியாகிவிடாது, அதைப் போடும் கருவி விலைக்குக் கிடைக்கிறது.

தரகர்கள் அதிகம் ஏமாற்றுவது பின்னணியில்தான். தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான எரிக் ராடோம்ஸ்கியின் யோசனைப்படி இந்தத் தொடரின் பின்னணிகள் கறுப்புத் தாளில் தீட்டப்பட்டன. விளிம்பில் வெள்ளைத் தாள் தெரிந்து, லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தோன்றினால் அது கலர் ஜெராக்ஸ். 'பின்னணியுடன்' என்ற ஒரே சொல்லைச் சொல்லி அதற்கும் ஓவியத்தின் விலையைக் கறந்துவிடுவார்கள்.

சட்டத்தைத் திறக்கும்போது வினிகர் வாடை அடித்தால் செல்லின் பிளாஸ்டிக்கான அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை மற்ற செல்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.