போர் கேம் வாங்கலாமா? ‘பேட்டில்ஃபீல்டு 1’ பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: முதல் உலகப் போரை வைத்து வந்த ‘பேட்டில்ஃபீல்டு 1’ அடிக்கடி தள்ளுபடியில் கண்ணில் படுகிறது. 2016-இல் வந்த கேமுக்கு இப்போது காசு போடலாமா? எதில் அசத்துகிறது, எதில் சொதப்புகிறது?

பதில்: இணையத்தில் மற்றவர்களோடு மோதத்தான் வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். தனியாக உட்கார்ந்து கதையை மட்டும் விளையாடப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

இந்த கேமின் பெரிய பலம், போர்க்களத்தின் நடுவில் மாட்டிக்கொண்ட உணர்வு. விஷவாயுவையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வாயுக் குண்டு விழுந்தால் உடனே முகமூடியை மாட்ட வேண்டும். மாட்டியதும் பார்வை சுருங்கிவிடும், உங்கள் மூச்சுச் சத்தமே காதை அடைக்கும், துப்பாக்கியைக் கண்ணுக்கு நேரே தூக்கிக் குறிபார்க்கவும் முடியாது. குத்துமதிப்பாகச் சுட வேண்டியதுதான். சரி, கழற்றிவிடலாம் என்றால் உயிர் குறையத் தொடங்கும். மஞ்சள் புகைக்குள் எதிரியும் இதே நிலையில் தடுமாறிக்கொண்டிருப்பார். இதைத் தயவுசெய்து நல்ல ஹெட்போனில் கேளுங்கள். ஒலியமைப்பில் இதை மிஞ்சும் போர் கேம்கள் குறைவு.

அடுத்தது ‘ஆபரேஷன்ஸ்’ என்ற ஆட்டமுறை. மொத்தம் 64 பேர் வரை இறங்கலாம். ஒரு அணி பகுதி பகுதியாக முன்னேறும், இன்னொன்று தடுக்கும். தாக்கும் அணி முதல் முயற்சியில் தோற்றால், அடுத்த முயற்சியில் ஆகாயக் கப்பலோ கவச ரயிலோ போர்க்கப்பலோ துணைக்கு வரும். மேப்பை, அதாவது ஆடும் களத்தைப் பொறுத்து எது வரும் என்பது மாறும். பீரங்கி பட்டு வீட்டுச் சுவர் இடிந்துவிட்டால், அதற்குப் பின் அங்கே ஒளிய இடமிருக்காது. ஒரு ஆபரேஷனை முழுதாக ஆட நேரம் நிறைய பிடிக்கும், அவசரத்தில் உட்காராதீர்கள்.

சொதப்பல்களுக்கு வருகிறேன். வரலாறு படிக்கலாம் என்று வாங்கினால் ஏமாந்துதான் போவீர்கள். முதல் உலகப் போரின் சிப்பாய்களில் பெரும்பாலோர் கையில் இருந்தது ஒவ்வொரு தோட்டாவுக்கும் பின்னிழுத்துச் சுடும் போல்ட் ரைபிள். இங்கேயோ ஆளாளுக்கு தானியங்கித் துப்பாக்கி. அதில் ‘ஹெல்ரீகல்’ என்று ஒன்று, நிஜத்தில் சோதனைக் கட்டத்தைத் தாண்டவே இல்லை. கேமில் அதைத் தூக்கிக்கொண்டு ஓடாதவர் இல்லை. வேகத்துக்காகச் செய்த சமரசம் என்று எனக்குப் புரிகிறது, ஆனாலும் பதுங்குகுழிப் போரின் மந்தமும் சலிப்பும் இதில் துளிகூடக் கிடையாது.

இதைவிட எரிச்சலூட்டியது வேறு. கேம் வெளியானபோது பிரெஞ்சுப் படையும் ரஷ்யப் படையும் அதில் இல்லை. மேற்கு முனையில் பெரும் சுமையைத் தாங்கிய பிரான்சையே தனியாகக் காசு வாங்கி விற்றார்கள். இலையைப் போட்டுவிட்டு சோற்றுக்குத் தனி பில் போட்ட மாதிரி.

கேள்வி: கதைப் பகுதி அவ்வளவு மோசமா? இணையத்தில் மற்றவர்களோடு மோதும் மல்டிபிளேயர் நான் ஆடுவதில்லை.

பதில்: மோசமில்லை, குட்டையானது. முன்னுரைக்கு அப்புறம் ஐந்து தனித்தனிக் கதைகள், எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். முன்னுரை அபாரம். நீங்கள் தப்பிக்க மாட்டீர்கள் என்று திரையே முதலில் சொல்லிவிடுகிறது. சுடப்பட்டு விழுந்ததும் அந்தச் சிப்பாயின் பெயரும் பிறந்த, இறந்த ஆண்டுகளும் தோன்றும். அடுத்த நொடி வேறொரு சிப்பாயின் உடலில் இருப்பீர்கள். தோற்றால் மறுபடி முதலிலிருந்து ஆடும் வழக்கத்தையே இங்கே கதையாக்கிவிட்டார்கள்.

அதற்குப் பின் வரும் கதைகள் அந்த உயரத்தைத் தொடவில்லை. டாங்கிக் கதையும், துருக்கியின் கல்லிப்பொலியில் நடக்கும் கதையும் தேறும். இத்தாலிக் கதையில் ஒற்றை ஆள் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு மலையையே பிடிக்கிறார், அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பதுங்கிப் போகும் இடங்களில் எதிரிகளுக்கு அறிவும் கம்மி. கம்ப்யூட்டர் எதிரிகளோடு பயிற்சி ஆடும் வசதியும், ஒரே திரையில் இருவர் ஆடும் வசதியும் கிடையாது. கதைக்காக மட்டும் என்றால் பெரிய தள்ளுபடி வரும்வரை காத்திருங்கள்.

கேள்வி: சாதாரணப் பதிப்பா, ‘ரெவல்யூஷன்’ பதிப்பா?

பதில்: ரெவல்யூஷன். கூடுதலாக வந்த நான்கு தொகுப்புகளும் அதற்குள்ளேயே வருகின்றன. பிரான்சின் வெர்டூன் போர்க்கள மேப்களும் பிரெஞ்சுப் படையும் ஒன்றில், ரஷ்யப் படை இன்னொன்றில், கல்லிப்பொலி கடற்கரை மூன்றாவதில், சொம், பாஷன்டேல் போன்ற போர்க்களங்கள் நான்காவதில். ஒரு எச்சரிக்கை: மல்டிபிளேயரில் எல்லா மேப்புக்கும் ஆள் கிடைப்பதில்லை, சில மேப்களே திரும்பத் திரும்ப ஓடும். சர்வர் பட்டியலைத் திறந்து, ஆள் நிறைந்ததாகவும் பிங் (சர்வரிலிருந்து பதில் வரும் தாமதம்) குறைவாகவும் இருப்பதைப் பார்த்து நுழையுங்கள்.

கேள்வி: என் பழைய கம்ப்யூட்டரில் ஓடுமா?

பதில்: 8 ஜிபி ரேம், 50 ஜிபி காலி இடம், ஜிடிஎக்ஸ் 660 அளவுக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, இவை குறைந்தபட்சத் தேவை. ஆனால் 64 பேர் ஆட்டத்தில் பிராசஸர்தான் திணறும், பழைய டூயல் கோர் என்றால் விட்டுவிடுங்கள். லினக்ஸிலோ ஸ்டீம் டெக்கிலோ ஆட நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். ஏமாற்றுக்காரர்களைத் தடுக்கப் பின்னாளில் சேர்த்த மென்பொருள் அங்கே ஓடுவதில்லை.

கேள்வி: 13 வயது மகன் கேட்கிறான். கன்சோலுக்குப் பழைய டிஸ்க் ஒன்று கிடைக்கிறது. வாங்கித் தரலாமா?

பதில்: ஐரோப்பிய மதிப்பீடு 18+, அமெரிக்க மதிப்பீடு 17+. நெருப்புப் பீச்சியில் எரியும் ஆட்களின் அலறலும் பயோனெட்டால் (துப்பாக்கி முனைக் கத்தி) குத்துவதும் அடிக்கடி வரும். நானாக இருந்தால் இந்த வயதில் தர மாட்டேன். உங்களுக்காகவே வாங்குவதானாலும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பழைய டிஸ்க்கில் அடிப்படை கேம் வந்துவிடும், கூடுதல் தொகுப்புகள் பெரும்பாலும் முதலில் வாங்கியவரின் கணக்கோடு போயிருக்கும். அப்புறம், பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் இதை இணையத்தில் ஆட தனியாகச் சந்தா கட்ட வேண்டும். டிஸ்க் மலிவு என்று நினைக்கும் முன் அந்தத் தொகையையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.