துபாயில் 4 நாள், வானில் 1 நிமிடம்: கேள்வி-பதில்

துபாயைச் சுற்றிப் பார்ப்பதோடு, பாம் ஜுமேரா தீவின் மேலே விமானத்திலிருந்து குதிக்கும் ஸ்கைடைவிங்கையும் சேர்த்து விற்கும் பேக்கேஜ்கள் பற்றி வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் எடை 104 கிலோ. ஆண்களுக்கு 100 கிலோதான் வரம்பு என்று படித்தேன். ஏஜென்ட், "அங்கே போய்ச் சமாளித்துக்கொள்ளலாம்" என்கிறார். முன்பணம் கட்டலாமா? (சேலம்)

பதில்: கட்டாதீர்கள். பாம் தீவுக்கு மேலே குதிக்கவைக்கும் ஸ்கைடைவிங் தளத்தில் ஆண்களுக்கு 100 கிலோ, பெண்களுக்கு 90 கிலோ என்பதோடு உயரத்துக்கேற்ற எடையும் பார்க்கிறார்கள். தராசில் நிறுத்திய பிறகுதான் விமானத்துக்கே அனுப்புகிறார்கள். பயிற்றுநரும் நீங்களும் ஒரே பாராசூட்டில் தொங்கி இறங்குகிறீர்கள். பாரம் கூடினால் தரையைத் தொடும் வேகமும் கூடும். இது ஏஜென்ட் சமாளிக்கக்கூடிய விஷயமில்லை.

கேள்வி: கல்லூரி முடித்த கையோடு, நானே சேர்த்த பணத்தில் துபாய் போனேன். "ஸ்கைடைவிங் அனுபவம் உண்டு" என்று வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தை நம்பினேன். அங்கே ஒரு வணிக வளாகத்துக்குக் கூட்டிப்போய், கீழிருந்து காற்று வீசும் கண்ணாடிக் குழாய்க்குள் சில நிமிடங்கள் மிதக்கவிட்டு, இதுதான் அது என்றார்கள். கேட்டதற்கு, "அனுபவம் என்றுதானே எழுதியிருந்தோம்" என்கிறார்கள். (திருநெல்வேலி)

பதில்: தம்பி, உங்கள்மேல் எந்தத் தவறும் இல்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். காற்றுக் குழாயும் ஒரு நல்ல விளையாட்டுதான், ஆனால் அதன் கட்டணம் 13,000 அடியிலிருந்து குதிப்பதற்கான கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான். அந்த விளம்பரத்தில் விமானத்தின் படமோ பாம் தீவின் படமோ இருந்திருந்தால், அது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று வாதிட உங்களுக்கு வலுவான ஆதாரமாகும். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாமல் இன்றே படமெடுத்து வையுங்கள். முதலில் ஏஜென்டுக்கு எழுத்துமூலம் கோரிக்கை அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். அந்த ஏஜென்டின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போகவேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: துபாய்க் கடைகளில் அட்டை இயந்திரம் ரூபாயா, திர்ஹமா என்று கேட்டால் எதை அழுத்துவது? (ஈரோடு)

பதில்: திர்ஹம். ரூபாயை அழுத்தினால் அந்த இயந்திரத்துக்குரியவர்கள் வைத்த மாற்று விகிதத்துக்கு நீங்கள் சம்மதித்ததாகிவிடும். தொகை புரிகிறதே என்று நான் ஒருமுறை ரூபாயை அழுத்தி, ஊர் திரும்பிக் கணக்குப் பார்த்தபோதுதான் எவ்வளவு கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன் என்பதை அறிந்தேன்.

கேள்வி: நானும் கணவரும் 4 நாள் பேக்கேஜில் போனோம். குதிப்பு கடைசி நாள் பிற்பகலுக்கு வைக்கப்பட்டிருந்தது. காற்று அதிகம் என்று அன்று ரத்து செய்துவிட்டார்கள், இரவு எங்களுக்கு விமானம். "இது மொத்த விலை, தனியாகத் திருப்பித் தர முடியாது, பொறுப்பு விலக்குப் படிவத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள்" என்கிறார் ஏஜென்ட். (கோவை)

பதில்: அம்மா, படிவத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். அது குதிக்கும்போது காயம் நேர்ந்தால் யார் பொறுப்பு என்பது பற்றி நீங்கள் அந்தத் தளத்துக்கு எழுதிக்கொடுத்தது. நடக்காத குதிப்புக்கு வாங்கிய பணத்தை உங்கள் ஊர் ஏஜென்ட் வைத்துக்கொள்ள அது அனுமதி தரவில்லை.

"மொத்த விலை" என்ற சொல்லைப் பற்றி நான் பல ஆண்டுகளாக எழுதிவருகிறேன், இன்னும் எழுதுவேன். விமான டிக்கெட், விசா, விடுதி, வண்டி, புர்ஜ் கலீஃபா நுழைவு, பாலைவனச் சவாரி, குதிப்பு ஆகிய ஏழையும் ஒரே எண்ணாக்கி நம் கையில் கொடுக்கிறார்கள். இவற்றுள் காற்றை நம்பியிருப்பது குதிப்பு ஒன்றுதான். காற்று மிஞ்சினால் பாதுகாப்பாகத் தரையிறங்க முடியாது என்பதால் தளம் அதை நிறுத்துகிறது, நிறுத்தத்தான் வேண்டும். அப்படி நிறுத்தும்போது மாற்று நாளோ பணமோ தருவது தளங்களின் பொது வழக்கம். ஆனால் அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கே போகும், பேக்கேஜ் வாங்கியவர்களுக்கு அந்தப் பெயர் பெரும்பாலும் ஏஜென்டுடையது. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்ற பிரிப்பு விலை பில்லில் இல்லாததால், எவ்வளவு திரும்ப வந்தது என்று கேட்பதற்கு நம்மிடம் ஓர் எண்கூட இருப்பதில்லை.

இதை நான் பட்டே அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற பேக்கேஜை வாங்கி, கடைசி நாள் காலையிலிருந்து மாலைவரை தளத்தில் காத்திருந்து, குதிக்காமலே திரும்பினேன். ஏஜென்ட் ஒரு சிறு தொகையை அனுப்பி, குதிப்பின் விலை இவ்வளவுதான் என்றார். தளத்தின் அறிவிக்கப்பட்ட கட்டணத்தில் அது கால்பங்குகூட இல்லை. ஆனால் என் பில்லில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. பணம் கட்டும் முன்பே பிரிப்பைக் கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை.

ஆகவே நீங்கள் இப்போது செய்யவேண்டியது, தளம் அறிவித்திருக்கும் கட்டணத்தைப் பதிவிறக்கி, அந்தத் தேதியில் குதிப்பு ரத்தானதற்கான மின்னஞ்சலை அவர்களிடமிருந்தே வாங்கி, இரண்டையும் இணைத்து அந்த முழுத் தொகையையும் ஏஜென்டிடம் எழுத்தில் கோருவதுதான். மறுத்தால் சேவைக் குறைபாடு என்று ஆணையத்துக்குப் போங்கள். இனிப் போகிறவர்கள் குதிப்பைத் தங்கள் பெயரில் தாங்களே தளத்தில் நேரடியாகப் பதிவு செய்யட்டும். சென்று சேர்ந்த மறுநாள் காலைக்கே அதை வைத்துக்கொள்ளட்டும். வெயிலில் நிலம் சூடேற ஏறப் பிற்பகலில் கடற்காற்று வலுக்கும். குளிர்காலத்தில் விடியற்காலையில் மூடுபனியும் இறங்குவதுண்டு. அதனால் ஒரு நாளாவது கையிருப்பாக வேண்டும்.

கேள்வி: முதல் நாள் ஸ்கூபா, மறுநாள் காலை ஸ்கைடைவிங் என்று திட்டம். சரிதானே? (புதுச்சேரி)

பதில்: வரிசையை மாற்றுங்கள். ஆழத்தில் மூழ்கும்போது உடலில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் குறைந்த உயரத்துக்கு விரைவில் போனால் குமிழிகளாகும். மூழ்கிய பின் குதிக்க 24 மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்து விற்றவரிடம் வேறு எதையும் வாங்கவும் வேண்டாம்.

கேள்வி: பயணக் காப்பீடு எடுத்திருக்கிறோம். குதிப்பில் அடிபட்டால் கிடைக்குமா? (திருச்சி)

பதில்: விலக்குகள் என்ற பக்கத்தைப் படியுங்கள். சாகச விளையாட்டுகளைச் சாதாரணப் பயணக் காப்பீடுகள் பெரும்பாலும் விலக்கியிருக்கும். கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க முடியுமா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நண்பரின் நண்பர் என்று அறிமுகமானவருக்கு 1,40,000 ரூபாயை அவருடைய தனிக் கணக்குக்கு அனுப்பினேன். ரசீது வாங்கவில்லை, நிறுவனப் பெயரும் தெரியாது. விசா வரவில்லை, தொலைபேசியும் எடுக்கவில்லை. (மதுரை)

பதில்: இதே கடிதம் ஊரும் தொகையும் மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒரு கிலோ அரிசிக்குப் பில் கேட்கிற நாம், இவ்வளவு பெரிய தொகைக்கு நிறுவனப் பெயர்கூடக் கேட்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுங்கள். பரிவர்த்தனை எண்தான் இப்போது உங்களிடம் உள்ள ஒரே ரசீது.

கேள்வி: மகன் குதிக்கப் போகிறான். எனக்கு வயது 67, எனக்கு அது வேண்டாம். அன்று வீணாகச் செலவழிக்காமல் நான் எதைப் பார்க்கலாம்? (தஞ்சாவூர்)

பதில்: அம்மா, மகன் மேலிருந்து பார்க்கும் அதே பாம் தீவை, தீவிலேயே உள்ள கோபுரத்தின் 52ஆவது மாடியில், 240 மீட்டர் உயரத்தில் இருக்கும் காட்சித்தளத்திலிருந்து நீங்களும் பார்க்கலாம். புர்ஜ் கலீஃபாவில் 124, 125ஆவது மாடிகளுக்கான டிக்கெட்டே போதுமானது. 148ஆவது மாடிக்குக் கொடுக்கும் அதிகத் தொகைக்கு நகரம் இன்னும் சிறிதாகத் தெரியும், அவ்வளவுதான். சூரியன் மறையும் நேரத்துக்கு விலை கூடும், காலையில் போனால் குறையும். மாலையில் பர் துபாய் துறையில் அப்ரா என்னும் மரப்படகில் ஏறி எதிர்க்கரையில் உள்ள தேராவுக்குக் கடந்து, தங்கச் சந்தையைச் சுற்றிவிட்டு அதே படகில் திரும்புங்கள். ஒரு முறை கடக்க 1 திர்ஹம்தான், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.