காதுக்குள் சொருகுவதா, காது மேல் கவிழ்ப்பதா?

கேள்வி: எனக்கு வயது 29. தாம்பரத்திலிருந்து எழும்பூருக்குத் தினமும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் போய் வருகிறேன். போக முக்கால் மணி, வர முக்கால் மணி, இரண்டு வேளையும் பாட்டுதான். இரவில் விளக்கை அணைத்துவிட்டு இன்னும் ஒரு மணி நேரம் கேட்பேன். ஆறு மாதம் முன்பு ஐ.ஈ.எம். (இன்-இயர் மானிட்டர், ரப்பர் டிப்போடு காதுக்குள் சொருகும் இயர்போன்) ஒன்று வாங்கினேன். பாட்டுக்குள்ளேயே குதித்துவிட்ட மாதிரி இருக்கிறது. ஆனால் பத்து நாளாக வலது காதில் ஓயாத நமைச்சல், அடைத்துக்கொண்ட உணர்வு. சில ராத்திரிகளில் இரண்டு காதிலும் 'கொய்ங்' என்று ஒரு சத்தம், காலையில் இருப்பதில்லை. "காதுக்குள்ள சொருகினா செவிடாத்தான் போவே" என்கிறார் அம்மா. காதை முழுசாக மூடும் பெரிய ஹெட்போனுக்கு மாறச் சொல்கிறான் நண்பன். எது காதுக்கு நல்லது? எதில் பாட்டோடு அதிகம் ஒன்ற முடியும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தாம்பரம்

பதில்: ஒரே கடிதத்தில் மூன்று விஷயங்களைக் கலந்து கேட்டிருக்கிறீர்கள். நமைச்சல் ஒன்று, 'கொய்ங்' ஒன்று, என்ன வாங்குவது என்பது மற்றொன்று. அம்மா சொல்வது முதல் விஷயத்துக்கு ஓரளவு பொருந்தும். இரண்டாவதற்குப் பொருந்தாது.

நமைச்சலில் ஆரம்பிப்போம். வலது காதைப் பார்க்காமல் இதுதான் என்று எழுதிக் கொடுக்க முடியாது. ஆனாலும் சென்னையின் வியர்வையில், தினமும் இரண்டரை மணி நேரம் அடைபட்டுக் கிடக்கும் காதில், நமைச்சலும் அடைப்பும் சேர்ந்து வந்தால் காது மருத்துவர் முதலில் சந்தேகப்படுவது பூஞ்சையைத்தான். உள்ளே லைட் அடித்துப் பார்த்தால் நனைந்துபோன பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்த மாதிரி இருக்கும். மேலே மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு. குறும்பி சுரப்பது அங்கேதான். அதை நாம் அழுக்கு என்கிறோம், உண்மையில் அது காவல்காரன். அதில் இருக்கும் லேசான அமிலத்தன்மை கிருமிகளை அண்ட விடாது. செவிப்பறையிலிருந்து வெளிப்பக்கமாகத் தோல் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால் பழைய குறும்பி தானாகவே வாசலுக்கு வந்து உதிர்ந்துவிடும். அந்த வாசலில் ரப்பர் டிப்பை வைத்து அடைத்தால் குறும்பி வெளியே வர வழியில்லை, ஈரமும் காயாது. குளித்த கையோடு, துடைத்தும் துடைக்காமலும் ஐ.ஈ.எம்.மை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுகிறவர்தானே நீங்கள்? என்னிடம் இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான்.

ஆகவே இந்த நமைச்சல் தீரும்வரை காதுக்குள் எதையும் சொருகாதீர்கள். பட்ஸ், ஹேர்பின், சாவி, தேங்காய் எண்ணெய், சூடாக்கிய நல்லெண்ணெய், பூண்டுச் சாறு எல்லாமே இந்த 'எதையும்' என்பதில் அடக்கம். மருந்துக்கடையில் "காதுக்கு ஒரு டிராப்ஸ் கொடுங்க" என்று வாங்கி விடுவதும் வேண்டாம். ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து பாக்டீரியாவை அழித்துப் பூஞ்சைக்கு இன்னும் இடம் விட்டுக் கொடுக்கும். தவிர, செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் எல்லாச் சொட்டு மருந்தையும் விடக்கூடாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்து உறிஞ்சிச் சுத்தம் செய்துவிட்டு, பூஞ்சைதான் என்றால் அதற்கான சொட்டு மருந்தைச் சில வாரங்கள் விட்டால் போதும். நமைச்சல் நின்ற மறுநாளே மருந்தை நிறுத்திவிடுவதால்தான் பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது.

இப்போது அந்தக் 'கொய்ங்'. எனக்குக் கவலை தருவது இதுதான். இதற்கும் சொருகுவதற்கும் நேரடி சம்பந்தம் இல்லை. சத்தத்தோடுதான் சம்பந்தம்.

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது, காக்ளியா. ஒவ்வொரு காதிலும் அதற்குள் சுமார் 15,000 முடிச்செல்கள், அதாவது தலையில் முடி போன்ற இழைகள் கொண்ட செல்கள். ஒலியை நரம்புக்குப் புரியும் மொழியில் மாற்றித் தருபவை இவை. அளவுக்கு மீறிய சத்தத்தில் முதலில் களைத்துப்போகும், அப்போதுதான் இரைச்சல் கேட்கும். ஓய்வு கொடுத்தால் மீளும். திரும்பத் திரும்ப அடி விழுந்தால் செத்துப்போகும். மனிதக் காதில் செத்த முடிச்செல் மறுபடி முளைப்பதில்லை. காலையில் 'கொய்ங்' போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல செய்திதான், இன்னும் களைப்பு நிலையில்தான் இருக்கிறீர்கள் என்று நினைக்கலாம். ஆனால் தினமும் களைத்துப்போகும் அளவுக்கு வேலை வாங்குகிறீர்கள் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபல், 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி. 86 என்றால் 10. 89 என்றால் 5. 92 என்றால் இரண்டரை மணிதான், ஒரு நாளைக்கல்ல, ஒரு வாரத்துக்கு. ரயிலில் மட்டும் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் கேட்கிறீர்கள். 92-ல் வைத்தால் திங்கட்கிழமை போய் வந்து, செவ்வாய் மாலை வீடு திரும்பும்போது மாம்பலம் தாண்டுவதற்குள் அந்த வார ரேஷன் தீர்ந்துவிடும். அப்புறம் புதன், வியாழன், இரவுக் கச்சேரி எல்லாம் கடன்தான். போனில் சத்தத்தை முழுசாக ஏற்றினால் 92-ஐத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை.

ரயிலில் ஏன் ஏற்றுகிறோம்? தண்டவாளம், தடதடக்கும் ஃபேன், கூட்டத்தின் பேச்சு, கதவோரத்துக் காற்று எல்லாம் சேர்ந்து பாட்டை அமுக்குவதால். வெளிச்சத்தத்துக்கு மேலே பாட்டு நிற்க வேண்டும் என்று விரல் தானாகவே பட்டனுக்குப் போகிறது. ஆகவே ரயிலில் கேட்கும் கருவிக்கு நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வெளிச்சத்தத்தை எவ்வளவு தடுக்கும்?

அம்மாவை இங்கே நான் மறுத்துப் பேசியாக வேண்டும். சரியாகப் பொருந்திய ஐ.ஈ.எம். வெளிச்சத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் குறைக்கும். நாய்ஸ் கேன்சலேஷன் (வெளிச்சத்தத்தை எதிர் ஒலியால் அடக்கும் வசதி) இல்லாத, காதை மூடும் ஹெட்போன் அந்த அளவுக்குக் குறைக்காது. குறிப்பாக ரயிலின் அடித்தொண்டை உறுமலை உள்ளே விட்டுவிடும். மேடை இசைக் கலைஞர்களிடம் ஐ.ஈ.எம். வந்த கதையும் இதேதான். 1995-ல் ஜெர்ரி ஹார்வி என்ற அமெரிக்க ஒலிப் பொறியாளர், வான் ஹேலன் ராக் குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகச் செய்து கொடுத்ததுதான் இந்தத் தொழிலையே பெரிதாக்கியது. டிரம்ஸ் சத்தத்தையும் மீறித் தன் குழு வாசிப்பது அவருக்குக் கேட்க வேண்டியிருந்தது. இன்னொன்று, பல ஐ.ஈ.எம்.களுக்குள் இருக்கும் பேலன்ஸ்டு ஆர்மச்சூர் என்ற அரிசிமணி போன்ற ஸ்பீக்கர், காது கேட்கும் கருவிகளுக்காக வளர்ந்தது. கேட்காதவர்களுக்கு உதவிய பொருள், கேட்கிறவர்களைக் கெடுக்கும் என்று பழி சுமக்கிறது, பாவம்.

ஆனால் 'சரியாகப் பொருந்திய' என்று சொன்னேனே, அதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். பெட்டியில் மூன்று அளவு டிப் இருக்கும். நடுவில் இருப்பதை மாட்டி "கேட்குது" என்று போய்விடுவோம். டிப் தளர்வாக இருந்தால் முதலில் கசிந்து போவது பேஸ், அதாவது கீழ் ஸ்தாயி ஒலி. மிருதங்கத்தின் தொப்பி ஒலி தட்டையாகும், பாட்டு சோகையாகும். உடனே சத்தத்தைக் கூட்டுவீர்கள். பேஸ் வரப்போவதில்லை, மேல் ஸ்தாயி மட்டும் ஊசியாய்க் குத்தும். அதற்குப் பெயர் ஓட்டைப் பக்கெட்டில் தண்ணீர் பிடிப்பது. ஒவ்வோர் அளவாக மாட்டிப் பாருங்கள். சரியான அளவு உட்கார்ந்ததும் உங்கள் குரல் உங்களுக்கே பானைக்குள் பேசுவதுபோல் கேட்கும். இடது காதுக்குழாயும் வலது காதுக்குழாயும் ஒரே அகலமாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒரு பக்கம் மீடியம், மறுபக்கம் ஸ்மால் போடுகிறவர்கள் நிறைய. வலிக்கும் அளவுக்குப் பெரியது வேண்டாம், குழாயின் உட்பகுதியில் எலும்பின் மேல் தோல் மிக மெல்லியது.

சத்தத்தை எப்படி அளப்பது? "பக்கத்து சீட்காரருக்குக் கேட்கக்கூடாது" என்பார்கள். ஐ.ஈ.எம்.முக்கு அது உதவாது. காது கிழியும் சத்தத்தில் வைத்தாலும் வெளியே கசியாது. நான் நோயாளிகளிடம் சொல்வது இது. இரவில் ஃபேனை நிறுத்திவிட்டு, அமைதியான அறையில், பிடித்த ஒரு பாட்டைப் போட்டு இதமாகக் கேட்கும் அளவுக்கு வையுங்கள். போனில் அது எத்தனையாவது கோடு என்று எண்ணிக்கொள்ளுங்கள். ரயிலில் அதைவிட ஒரு கோடு, மிஞ்சிப்போனால் இரண்டு கோடு. அதற்கு மேல் வேண்டியிருந்தால் டிப் சரியில்லை என்று அர்த்தம். ஐபோன் என்றால் ஹெட்போன் சத்தத்தை டெசிபலில் காட்டும், உச்சவரம்பும் வைக்கலாம்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. இது மருத்துவரிடம் கேட்கும் கேள்வி அல்ல. ஆனாலும் இரவில் நாதஸ்வரம் கேட்காமல் தூங்காத ஆள் என்பதால் பதில் சொல்கிறேன்.

காதுமடலின் மேடு பள்ளங்கள் வெறும் அழகுக்கு இல்லை. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூளை கண்டுபிடிக்க, அந்த மடிப்புகளில் ஒலி பட்டுச் சிதறும் விதமும் ஒரு துப்பு. ஐ.ஈ.எம். மடலைத் தாண்டி நேராக உள்ளே போய்விடுகிறது. அதனால்தான் வீணையின் மீட்டு நெற்றிக்குள்ளேயே நடப்பதுபோல் இருக்கிறது. நீங்கள் 'குதித்த மாதிரி' என்று எழுதியது அதைத்தான். விரல் நரம்பில் உரசும் சத்தம்வரை கேட்கும், நுணுக்கத்துக்கு அதை மிஞ்ச முடியாது. ஆனால் ஒலி விரியும் மேடை சிறிது. காதின் மேல் கவியும் ஹெட்போனில் ஒலி மடலில் பட்டு வருவதால் கொஞ்சம் விலகி, காற்றோட்டமாகக் கேட்கும். பின்பக்கம் திறந்த ஓபன்-பேக் வகை என்றால் பாடகர் எதிரே, வயலின் இடப்பக்கம், தவில் அந்தக் கோடியில் என்று ஆளுக்கு ஓர் இடம் கிடைக்கும். என்னிடம் இருப்பது அதுதான். கேட்பது நான் மட்டுமல்ல, பக்கத்தில் படுத்திருப்பவரும்தான் என்பது வீட்டில் தினசரிப் பஞ்சாயத்து.

ஓபன்-பேக் வெளிச்சத்தத்தைத் துளிகூடத் தடுக்காது. அதை ரயிலில் மாட்டினால் காதுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. நாய்ஸ் கேன்சலேஷன் உள்ள மூடிய ஹெட்போன் ரயில் உறுமலை நன்றாக அடக்கும், பேச்சுச் சத்தத்தை அவ்வளவாக அடக்காது. மே மாதம் குரோம்பேட்டையில் கூட்டத்தோடு நின்றுகொண்டு அதை மாட்டிப் பார்த்தால் மெத்தைக்குள் வியர்வை ஊறும். கண்ணாடி போடுகிறவர் என்றால் காம்பு வழியாகப் பேஸ் கசியும், பொட்டில் வலியும் வரும்.

ஆகவே என் யோசனை: காது ஆறிய பிறகு ரயிலுக்கு அதே ஐ.ஈ.எம்., வீட்டில் இரவுக்கு ஓபன்-பேக். இரவிலாவது காதுக்குழாய்க்குக் காற்று படட்டும். இரண்டு வாங்கக் கட்டுப்படியாகாது என்றால் ஐ.ஈ.எம்.மை ரயிலில் போகும்போது மட்டும் மாட்டுங்கள், வரும்போது காதுக்கு விடுமுறை. டிப்பை வாரம் இரண்டு முறை கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசி, முழுசாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஃபோம் டிப் என்றால் அலசிக் காப்பாற்ற முடியாது, மாற்றிவிடுவதே நல்லது. இப்போது வைத்திருக்கும் டிப்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள், இல்லாவிட்டால் அதே பூஞ்சை அதே காதுக்குத் திரும்பும். நண்பனோடு ஆளுக்கொரு காதாகப் பகிர்ந்து கேட்கும் பாசமும் வேண்டாம். தண்டவாளம் கடக்கும்போது இரண்டையும் கழற்றிக் கையில் பிடியுங்கள்.

காது சுத்தமானதும் ஓர் ஆடியோகிராம் (செவித்திறன் சோதனை வரைபடம்) எடுத்துவிடுங்கள். சத்தத்தால் வரும் பாதிப்பு முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளமாகத் தெரியும், உங்களுக்கே தெரிவதற்கு வெகு முன்பே. எப்போதாவது தூங்கி எழும்போது ஒரு காது திடீரென்று மந்தமாகிவிட்டால் குறும்பி என்று நினைத்து ஒரு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போய்க் காட்டுங்கள், அதற்கான சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறதோ அவ்வளவு பலன். இப்போது பரிசோதனைக்குப் போகும்போது அந்த ஐ.ஈ.எம்.மையும் பெட்டியில் மிச்சமிருக்கும் புது டிப்களையும் ஒரு கவரில் எடுத்துப் போங்கள். எந்தப் பக்கத்துக்கு எந்த அளவு என்று காதைப் பார்த்துச் சொல்லச் சொல்லலாம்.