ஒளியை முந்தும் விண்மீன் திரள்கள்: மகளுக்கு என்ன சொல்வது?

கொக்குவிலிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: மகள் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறாள். ஒளியின் கதியை எதுவும் மிஞ்சாது என்று ரியூசனில் சொல்லிக்கொடுத்தார்களாம். யூரியூப்பிலோ தூரத்து விண்மீன் திரள்கள் ஒளியைவிடக் கதியாக விலகுகின்றன என்கிறார்கள். எது சரி? நான் கலைப்பிரிவு படித்தவள்.

இரண்டும் சரி. கலைப்பிரிவு என்றால் என்ன, வீட்டில் பழைய சைக்கிள் ரியூப் இருக்குமே. நீளவாக்கில் ஒரு பட்டி வெட்டி, ஒவ்வோர் அங்குலத்துக்கும் சோக்கால் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு நுனியை மகள் பிடிக்க, மற்ற நுனியை நீங்கள் இழுத்து ஒன்றரை மடங்கு நீட்டுங்கள். மகளிடமிருந்து ஓர் அங்குலத்தில் இருந்த புள்ளி அரை அங்குலம் தள்ளிப் போயிருக்கும். நாலாம் புள்ளி இரண்டு அங்குலம். ஒரு புள்ளியும் ரப்பரில் ஊரவில்லை. ஆனாலும் தூரத்துப் புள்ளிதான் கூடக் கதியில் விலகியது.

புள்ளிகள்தான் விண்மீன் திரள்கள், ரப்பர்தான் அவற்றுக்கு இடையிலுள்ள வெளி. 1929இல் வானியலாளர் ஹபிள் விண்மீன் திரள்களிடம் கண்டது இதைத்தான். இன்றைய அளவீடுகளின்படி, ஒவ்வொரு 32.6 இலட்சம் ஒளியாண்டுத் தூரத்துக்கும் (ஒளி ஓராண்டில் போகும் தூரம்தான் ஓர் ஒளியாண்டு) விலகும் கதி செக்கனுக்குச் சுமார் 70 கிலோமீற்றர் கூடுகிறது. (67 என்போரும் 73 என்போரும் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள், அது வேறு கதை.) ஒளியின் கதி செக்கனுக்கு 299,792 கிலோமீற்றர். மகளையே இதை 70ஆல் வகுத்து, 32.6 இலட்சத்தால் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்: சுமார் 1,400 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் விலகும் கதி ஒளியை மிஞ்சிவிடும்.

ஒளி அந்த ரப்பரில் ஊரும் எறும்பு. தன் காலடி ரப்பரில் அதை எதுவும் முந்த முடியாது. ரியூசனில் சொன்னது இந்த எல்லையை. ரப்பர் நீளுவதற்கு அந்த எல்லை இல்லை. எறும்பு கடந்து வந்த துண்டும் அதன் முதுகுக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டே இருக்கும். பிரபஞ்சத்துக்கு வயது 1,380 கோடி ஆண்டுதான். ஆனால் நமக்கு வந்து சேரும் மிகப் பழைய ஒளி புறப்பட்ட இடம் இன்று ஏறத்தாழ 4,600 கோடி ஒளியாண்டு தள்ளி நிற்பது இதனால்தான்.

சோதனையில் "வெளியினூடாக எந்தப் பொருளும் ஒளியின் கதியை மிஞ்சாது" என்று எழுதட்டும். "வெளியினூடாக" என்ற சொல்லை விடக்கூடாது.

அப்படியானால் யாழ்ப்பாணமும் கொழும்பும் விலகுகின்றனவா என்று அடுத்துக் கேட்பாள். இல்லை. ஈர்ப்பு கட்டிவைத்திருக்கும் இடத்தில் இந்த நீட்சி எடுபடாது. 25 இலட்சம் ஒளியாண்டுத் தூரத்து அன்ட்ரோமெடா விண்மீன் திரள் நம்மை நோக்கியே வருகிறது. மாரி மழை விட்டபின், தை மாதத்தில் நிலவில்லாத இரவொன்றில் ஏழரை மணிபோல் கசூரினா கடற்கரைக்குக் கூட்டிப்போய் வடமேற்கே பார்க்கச் சொல்லுங்கள். மங்கலான ஒரு பஞ்சுத் துணுக்காகத் தெரியும்.