பதில்: மன்னார்குடியில் பாப்பி நாற்றுகள் அழுகுவது பற்றி

வணக்கம் சகோதரி. ஐப்பசியில் விதைத்த ஷெர்லி பாப்பி என்ற பூச்செடியின் நாற்றுகளைப் பிடுங்கித் தொட்டிக்கு மாற்றியதும் எல்லாம் சாய்ந்து அழுகிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். விதையைக் குறை சொல்ல வேண்டாம். நெல் நாற்றைப் போல் பாப்பியைப் பறித்து நட முடியாது. அதற்கு ஆணிவேர், அசைத்தால் தாங்காது. போதாக்குறைக்கு அடைமழையும் நம் ஊர்க் களிமண்ணும்.

மழை ஓய்ந்ததும், மார்கழியில், பூக்க வேண்டிய தொட்டியிலேயே நேராக விதையுங்கள். மண்ணில் பாதி மணல் இருக்கட்டும். பொடி விதையை மணலோடு கலந்து தூவி லேசாக அழுத்தினால் போதும். மண் போட்டு மூடாதீர்கள், முளைக்க வெளிச்சம் வேண்டும். நெருக்கமாக வந்தால் கத்தரியால் நறுக்கிக் கலைத்துவிடுங்கள். மாசியில் பூக்கும். பங்குனி வெயிலில் செடி முடிந்துவிடும், அதன் ஆயுளே அவ்வளவுதான்.

அப்புறம், சமையலறைக் கசகசாவைத் தூவலாமா என்றீர்களே, தயவுசெய்து வேண்டாம். அதுவும் பாப்பி வகைதான், ஆனால் அபின் செடியின் விதை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரு செடி வளர்ப்பதும் குற்றம்.

ஷெர்லி வேறு இனம். 1880 வாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் வில்க்ஸ் என்ற பாதிரியார், இதழோரம் வெளுத்திருந்த ஒரு வயல் பாப்பியிலிருந்து விதையெடுத்து, ஆண்டுதோறும் தேர்ந்து தேர்ந்து உருவாக்கியது. அந்த மெல்லிய இதழ்களுக்காகவே இன்னொரு முறை முயலலாம். காய் காய்ந்து பழுப்பானதும் விதை எடுத்து வையுங்கள்.