கேளுங்க அக்கா: சிஞ்சாலோக்குக்கு ரோஸ் கலரு எப்படி வரும்?

கேள்வி: அக்கா, நாங்க ஊத்தான் மெலிந்தாங் பக்கம் எஸ்டேட்ல இருக்கோம். கெராகாவ்ங்கிற பொடி எறா கெடைக்கிறப்ப வாங்கி, உப்பும் சோறும் போட்டு புளிக்க வெச்சு வீட்லயே சிஞ்சாலோக் போட்டு பசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தையில, விக்கிறேன். மத்த கடையில பளிச்சுனு ரோஸா இருக்கு, என்னோடது சாம்பலடிச்ச மாதிரி இருக்குறதால வர்றவங்க பாத்துட்டு போயிடறாங்க. தெரிஞ்சவர் ஒருத்தர் பேரில்லாத செவப்புப் பவுடர் ஒரு பொட்டலம் குடுத்தாரு, போட பயமா இருக்கு. பீட்ரூட் சாறு ஊத்திப் பாத்தேன், ரெண்டு வாரத்துல பழுப்பா போச்சு. வேற என்ன பூ, எல போடலாம்?

பதில்: தங்கச்சி, மொதல்ல அந்தப் பொட்டலத்த குப்பையில போடுங்க. பேரில்லாத பவுடர்ல ரோடமின் பி இருந்தா என்ன பண்ணுவீங்க? அது துணிக்குப் போடுற சாயம், நம்ம மலேசியாவோட 1985 உணவு விதிமுறையில அதுக்கு அனுமதியே கெடையாது, புள்ளைங்களும் சாப்பிடுற பொருள்மா இது.

உங்க கெராகாவ்லயே ரோஸ் இருக்கு. அஸ்டாசாந்தின்னு ஒரு நிறம், பச்சையா இருக்குறப்ப புரதம் அத புடிச்சு வெச்சிருக்குறதால கண்ணுக்குத் தெரியாது, உப்பும் புளிப்பும் ஏற ஏற புரதம் விட்டுடும், கலரு வெளிய வரும், எறா வேகுறப்ப செவக்குதே அதே மாதிரிதான். அப்போ உங்களுக்கு ஏன் சாம்பல்? அனேகமா படகுலேருந்து உங்க வீட்டுக்கு வர்ற நேரத்துலதான் கெடுது, ஐஸ் இல்லாம வெயில்ல மோட்டார்ல வந்தா எறா கறுக்க ஆரம்பிச்சிடும், அதுக்கப்பறம் எந்தப் பூவும் காப்பாத்தாது. ஐஸ் பெட்டியோட போங்க, அன்னிக்கே சுத்தம் பண்ணி உப்பும் நல்லா ஆறுன சோறும் போட்டு காத்து போகாம மூடி 3 நாள் வைங்க. உப்ப மட்டும் கொறைக்காதீங்க, கெட்டுப் போகாம காக்குறதே அதுதான்.

பீட்ரூட் பழுப்பா போனதுக்கு உங்க கை காரணமில்ல. அந்த நிறம் வெளிச்சம், சூடு, காத்து மூணுக்கும் தாங்காது, செவப்பு டிராகன் பழமும் அதே சாதிதான். ரோசெல் (புளிச்ச செம்பருத்தி), புங்கா தெலாங் (சங்குப்பூ) ரெண்டும் புளிப்பப் பாத்து மாறும், எலுமிச்சை அளவு புளிப்பு இருந்தாதான் செவக்கும், சிஞ்சாலோக்ல தெலாங் போட்டீங்கன்னா நீலம் ஊதான்னு வந்து நிக்கும், அத யாரு வாங்குவா? கெசும்பா (ஜாப்ரா) விதையோட கலரு எண்ணெயில நல்லா எறங்கும், ஆனா ஆரஞ்சு, சம்பலுக்கு சரி.

இதுகளவிட தாங்குறது அங்காக்தான். செடி இல்ல, செவப்புப் பூஞ்சைய வளத்துக் காயவெச்ச அரிசி. பிலிப்பைன்ஸ்ல மீனையும் சோத்தையும் புளிக்க வெக்கிற புரோங் இஸ்டாவுக்கு இதத்தான் போடுறாங்க, நம்ம சித்தியவான் பூச்சோவ் சீனங்க செய்யுற மீசுவா நூடுல்ஸுக்கு ஊத்துற செவப்பு ஒயினும் இதே அரிசியிலதான். எப்படியும் சோறு போடுறீங்க, அதுல ஒரு கரண்டிக்குப் பதிலா அங்காக் அரைச்சுப் போட்டா போதும். ஆனா கொலஸ்ட்ரால் மாத்திரையில இருக்குற லோவாஸ்டாட்டின் சரக்கு இதுலயும் இருக்கு, சிலதுல சிட்ரினின்னு கிட்னிக்கு ஆகாத நஞ்சும் வரும், அதனால லூசா விக்கிறத வாங்காதீங்க. விக்கிறதுக்கு முன்னாடி மாவட்ட சுகாதார ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுடுங்க, போத்தல்லயும் அங்காக் இருக்குன்னு எழுதிடுங்க.

எனக்குக் கேட்டா, ஐஸ் வெச்சு எடுத்துட்டு வந்த கெராகாவ்ல கலரே போடாம ஒரு ஜாடி போட்டுப் பாருங்க, எப்படி வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க.