தவளை குதிக்க மறுத்தால் குறை கையில் இல்லை, தாளில்

கேள்வி: மகளுக்கு 6 வயது, மகனுக்கு 9. விடுமுறை நாட்களில் சேர்ந்து காகிதத்தில் ஏதாவது செய்யலாம் என்று உட்காருகிறோம். வீடியோவில் பார்த்துச் செய்த தவளை குதிக்கவில்லை, காற்றாடி சுற்றவில்லை. பசை தடவிய இடமெல்லாம் சுருங்கிப்போகிறது. மகன் இடதுகைப் பழக்கம் உள்ளவன், அவன் வெட்டினால் கோணல்மாணலாக வருகிறது. கடைசியில் இருவரும் அழுகிறார்கள். நல்ல கைவினைப் பெட்டி ஒன்று வாங்கிவிடலாமா, அல்லது பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். உங்கள் குழந்தைகளுக்குக் 'கை வரவில்லை' என்ற முடிவுக்கும் வராதீர்கள். நீங்கள் சொன்ன தொல்லைகள் நான்கு. தவளையும் பசைச் சுருக்கமும் காகிதத்தின் குணத்தால் வருபவை. காற்றாடி நிற்பது ஓட்டையால். கோணலாக வெட்டுப்படுவது கத்தரிக்கோலால். குழந்தையின் திறமைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

காகிதத்திலிருந்தே தொடங்கலாம். பிரிண்டருக்குப் போடும் சாதாரண ஏ4 தாள் 80 ஜி.எஸ்.எம். இருக்கும். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 80 கிராம் என்பது அதன் பொருள். அப்படிப் பார்த்தால் ஒரு ஏ4 தாளின் எடை சுமார் 5 கிராம், கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். மடிப்பு வேலைக்கு இது போதும். சார்ட் அட்டை இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கனமானது. நாலு தடவை மடித்தால் பதினாறு அடுக்கு ஆகிவிடும், ஆறு வயது விரல் அதை அழுத்தி அடக்க முடியாது. பளபளப்புப் பூச்சுள்ள தாளில் மடித்த இடத்தில் பூச்சு உடைந்து வெள்ளைக் கோடு தெரியும். ஆகவே முதலில் வெறும் ஏ4. நிறம் வேண்டுமென்றால் செய்யத் தொடங்குமுன் ஒரு பக்கத்தில் மட்டும் குழந்தைகளே கலர் பென்சிலால் தீட்டட்டும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. 'நிறப் பக்கம் மேலே, வெள்ளைப் பக்கம் கீழே' என்று சொன்னால் குழந்தைக்கு உடனே பிடிபடும். 'முன்பக்கம், பின்பக்கம்' என்றால் குழம்பும்.

அடுத்து, ஓட்டம். ஆலையில் தாள் உருவாகும்போது நார்கள் பெரும்பாலும் எந்திரம் ஓடும் திசையிலேயே படிகின்றன. அந்தத் திசைக்குத்தான் ஓட்டம் என்று பெயர். அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு நேராகவும் படிவாகவும் விழும். குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும், மடித்த பின்பும் நிமிரப் பார்க்கும். கண்டுபிடிப்பது எளிது. தாளை மடிக்காமல் நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை லேசாக வளைத்து மேலே கையை வைத்து அமுக்கிப் பாருங்கள். எப்படி வளைக்கும்போது கை குறைவான எதிர்ப்பை உணர்கிறதோ, அந்த வளைவின் கோடு போகும் திசைதான் ஓட்டம். சந்தேகமாக இருந்தால் 5 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றின் ஒரு பக்கத்தை மட்டும் ஈரமாக்குங்கள். அது குழல்போலச் சுருளும். குழல் எந்தத் திசையில் நீண்டிருக்கிறதோ அதுவே ஓட்டம். ஏ4 தாள்களில் அது பெரும்பாலும் நீளவாக்கில் இருக்கும்.

தவளை குதிக்காததன் ரகசியம் இங்கேதான். தவளையின் பின்புறம் உள்ள இரட்டை மடிப்புதான் ஸ்பிரிங். ஸ்பிரிங் முரண்டு பிடிக்க வேண்டும், ஆகவே அந்த மடிப்பு ஓட்டத்துக்குக் குறுக்கே விழ வேண்டும். ஏ4 தாளிலிருந்து 21 செ.மீ. சதுரம் வெட்டிய பின் மிஞ்சும் 8.7 செ.மீ. பட்டை இருக்கிறதே, வீணாக்க வேண்டாம் என்று அதில்தான் பலரும் தவளை செய்வார்கள். அதில் ஓட்டம் பட்டையின் குட்டைப் பக்கமாகப் போகும். ஸ்பிரிங் மடிப்பு ஓட்டத்தோடு விழுந்து துவண்டுவிடும். அந்தத் தவளை குதிக்காது, யார் மடித்தாலும் குதிக்காது.

சரியாக வெட்டும் முறை இது: தாளின் நீளவாக்கில் 14 செ.மீ., அகலவாக்கில் 7 செ.மீ. ஒரு தாளில் ஆறு துண்டு கிடைக்கும். 100 முதல் 120 ஜி.எஸ்.எம். தாள் கையில் இருந்தால் தவளைக்கு மட்டும் அது இன்னும் நல்லது.

துண்டை நெட்டுக்குத்தாக வையுங்கள். மேல் விளிம்பு இடது விளிம்போடு பொருந்தும்படி வலது மூலையைக் கொண்டுவந்து மடித்து விரியுங்கள். இடது மூலையையும் அதேபோல வலது விளிம்புக்கு மடித்து விரியுங்கள். மேற்பாதியில் ஒரு பெருக்கல் குறி தெரியும். தாளைப் புரட்டிப்போட்டு, மேல் விளிம்பு அந்தப் பெருக்கல் குறியின் கீழ் முனைகளைத் தொடும்படி குறுக்காக ஒரு மடிப்பு மடித்து விரியுங்கள். மறுபடி புரட்டி, குறுக்கு மடிப்பின் இரண்டு ஓரங்களையும் உள்பக்கமாகத் தள்ளினால் மேற்பகுதி தானாகவே முக்கோணமாக உட்கார்ந்துவிடும். உட்காரவில்லை என்றால் தாளைப் புரட்டாமலே குறுக்கு மடிப்பைப் போட்டிருப்பீர்கள். மடிப்பின் முகம் மாறினால் தாள் எதிர்த்திசையில் போகும். பலரும் சிக்குவது இந்த ஒரு படியில்தான். குறும் வீடியோக்கள் வெட்டித் தள்ளுவதும் இதே படியைத்தான். ஒரு நொடி தட்டையான தாள், அடுத்த நொடி முழு முக்கோணம்! நடுவில் நடந்ததைக் காட்டாமல் 'மிக எளிது' என்று தலைப்பு வைப்பது நேர்மையா?

முக்கோணத்தின் மேலடுக்கு நுனிகள் இரண்டையும் உச்சி நோக்கி மடித்தால் முன்னங்கால்கள். அவற்றைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உடலின் இரு பக்க விளிம்புகளையும் நடுக்கோட்டுக்கு மடியுங்கள். பிறகு கீழ் விளிம்பைத் தூக்கி மூக்கு நுனிவரை மடித்து, அதில் பாதியைத் திரும்பக் கீழே மடியுங்கள். கடைசி இரண்டு மடிப்பையும் நகத்தால் அழுத்தக் கூடாது, விரல் பட்டால் போதும். மற்ற மடிப்பை எல்லாம் 'நன்றாக அழுத்து' என்று சொல்லிப் பழக்கிவிட்டு இங்கே நிறுத்தச் சொல்ல மறந்துவிடுகிறோம், ஸ்பிரிங் அங்கேயே செத்துப்போகிறது. புரட்டி வைத்து, பின் விளிம்பை ஒரு விரலால் அமுக்கி, விரலைப் பின்னோக்கி வழுக்கவிட்டால் தாவும்.

இந்தத் தவளை மகனுக்கு. ஆறு வயது மகளிடம் இதைக் கொடுக்காதீர்கள். அவளுக்கு 21 செ.மீ. சதுரம், விளிம்போடு விளிம்பு சேரும் மடிப்புகள். மேசை மீது வைத்துத்தான் மடிக்க வேண்டும், அந்தரத்தில் பிடித்துக்கொண்டு அல்ல. தன் பக்கமுள்ள விளிம்பை எடுத்து எதிர் விளிம்போடு சேர்த்து, ஒரு கையால் அங்கேயே பிடித்துக்கொண்டு, மறு கையால் மடிப்பின் நடுவில் முதலில் அழுத்தி, பிறகு இரு ஓரங்களுக்கும் தேய்க்க வேண்டும். ஓரத்திலிருந்து தேய்த்தால் தாள் நழுவும். முதல் மடிப்பு விலகினால் பின்னால் வரும் மடிப்பெல்லாம் அந்த விலகலைச் சுமக்கும். கப்பல், தொப்பி, விசிறி எல்லாம் இந்த ஒரு பழக்கத்திலேயே வந்துவிடும், தனியே சொல்ல வேண்டியதில்லை.

காற்றாடியை இருவரும் சேர்ந்தே செய்யலாம். 15 செ.மீ. சதுரம், அதே 80 ஜி.எஸ்.எம். இரு மூலைவிட்டங்களையும் மடித்து விரித்து, நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொன்றிலும் 2 செ.மீ. தள்ளிப் பென்சிலால் குறியுங்கள். மூலையிலிருந்து குறிவரை மட்டும் வெட்ட வேண்டும், தாண்டினால் நடுவில் கிழியும். இப்போது எட்டு முனைகள் இருக்கும். ஒன்று விட்டு ஒன்றாக நான்கை நடுவுக்கு வளைத்து ஒட்டுங்கள். வளைவை மடிப்பாக்கிவிடாதீர்கள், காற்று அந்தக் குழிவில்தான் பிடிக்கும்.

சுற்றாததற்குக் காரணம் அநேகமாக ஒன்றுதான்: ஓட்டை. குண்டூசியை அப்படியே குத்தி நிறுத்தினால் காகிதம் ஊசியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஊசியைக் குத்திச் சுழற்றி ஓட்டையைக் கொஞ்சம் அகலமாக்குங்கள். காற்றாடிக்கும் குச்சிக்கும் நடுவில் ஒரு மணியோ, 5 மி.மீ. நீளமுள்ள ஸ்ட்ரா துண்டோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கை குச்சியில் உரசும். ஊசி உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். குச்சிக்குப் பின்னால் நீட்டும் முனையை ஒரு அழிரப்பர் துண்டில் புதைத்துவிடுங்கள்.

பசை. வெள்ளைப் பசையில் தண்ணீர் அதிகம். தண்ணீர் பட்ட நார் பருக்கும், நீளத்தைவிடக் குறுக்கே அதிகமாகப் பருக்கும், அதனால் தாள் நெளியும். மெல்லிய தாளுக்குக் குளூ ஸ்டிக் போதும். வெள்ளைப் பசைதான் இருக்கிறது என்றால் தீக்குச்சி முனையளவு எடுத்து, கனமான துண்டில் மட்டும் விரலால் மெல்லப் பரப்பி ஒட்டி, கனமான புத்தகத்தின் அடியில் அரைமணி நேரம் வையுங்கள். இரண்டு தாளை முழுதாக ஒட்டும்போது இரண்டின் ஓட்டமும் ஒரே திசையில் இருக்கட்டும். மாறினால் காய்ந்த பின் வளையும்.

இனி, பெட்டிகள். மேலே அழகான படம், உள்ளே மினுக்குத் தாள் நாலு, கனமான அட்டை, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பசைக் குழாய். அட்டை முன்பே வெட்டி வந்திருக்கும், குழந்தைக்கு மிஞ்சுவது ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. விளக்கு எரியும் பெட்டிகளில் பொத்தான் போன்ற சிறு பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காகித வேலைக்கு அப்படி ஒரு பொருள் வீட்டுக்குள் வரத் தேவையே இல்லை. பெட்டி வேண்டாம் என்று சொல்லிக் கடை ரசீதுச் சுருளை எடுத்துக் கொடுப்பவர்களும் உண்டு. அதுவும் கூடாது. நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு விழும் தாள் வெப்பத்தாள். அதன் பூச்சில் பெரும்பாலும் பிஸ்பினால் வகை ரசாயனம் இருக்கும், அது தோல் வழியே ஏறக்கூடியது.

வகுப்புகளில் ஒரு கேள்வி கேளுங்கள்: 'பொருட்களை நாங்களே வெளியே வாங்கிக்கொள்ளலாமா?' 'இல்லை, எங்கள் பெட்டியைத்தான் வாங்க வேண்டும்' என்றால் அது பெட்டி விற்கும் இடம். சான்றிதழும் பதக்கமும் அந்த விலைக்குள் அடக்கம். பள்ளிச் செய்முறைக்கு மாதிரிகள் செய்து தருகிறோம் என்று வருபவர்கள் அதைவிட மோசம். ஆனால் அவர்களை வளர்த்துவிட்டது யார்? மாலையில் சொல்லி மறுநாள் காலை கொண்டுவா என்பதும், பெரியவர் கை பட்டது அப்பட்டமாகத் தெரியும் வேலைக்கு முழு மதிப்பெண்ணும், குழந்தையே செய்த கோணல் வீட்டுக்குக் குறைந்த மதிப்பெண்ணும் தருகிற பள்ளி வழக்கம்தானே? ஆசிரியரைச் சந்திக்கும்போது இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்தப் பெற்றோரும் சொல்லாததால்தான் இது தொடர்கிறது.

எதையும் வாங்காதீர்கள் என்றேன். ஒரே ஒரு விலக்கு உங்கள் மகனுக்கு: இடதுகைக் கத்தரிக்கோல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் ஏமாறுவது நிச்சயம். சாதாரணக் கத்தரிக்கோலை வலது கையில் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களும் கொடுக்கும் அழுத்தம் இரு அலகுகளையும் ஒன்றோடொன்று நெருக்கும். இடது கையில் அதே அழுத்தம் அலகுகளை விலக்கும். தாள் வெட்டுப்படாமல் இடையில் மடிந்து சிக்கும். போதாததற்கு, மேல் அலகு வெட்டும் கோட்டை அவன் கண்ணுக்கு மறைக்கும். கோட்டைப் பார்க்க அவன் தலையைச் சாய்ப்பான், வெட்டு கோணலாகும். உடனே 'கவனமில்லை' என்று திட்டு விழும்.

'இரு கைக்கும் ஏற்றது' என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அவற்றில் பெரும்பாலும் பிடி மட்டும்தான் பொது, அலகு வலதுகை அமைப்பிலேயே இருக்கும். பிடியைப் பார்க்காதீர்கள், அலகைப் பாருங்கள். நுனி உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி பிடித்துத் திறவுங்கள். மேலே இருக்கும் அலகு வலப்பக்கம் இருந்தால் அது வலதுகைக்கு, இடப்பக்கம் இருந்தால் இடதுகைக்கு. தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாலும் இது மாறாது. ஆகவே 'திருப்பிப் பிடித்து வெட்டச் சொல்லுங்கள்' என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடை பாருங்கள். நுனி மழுங்கியதாக இருக்கட்டும்.

புதுக் கத்தரிக்கோலோடு வெட்டும் திசையையும் மாற்ற வேண்டும். வலதுகைக்காரர் வட்டத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வெட்டிக்கொண்டு போவார். உங்கள் மகன் முள் சுற்றும் திசையில் போக வேண்டும். கத்தரிக்கோல் பிடித்த கை அசையாமல் இருக்க, வலது கை தாளைத் திருப்பிக் கொடுக்கட்டும். பழைய கத்தரிக்கோலால் வெட்டிப் பழகியவன், அலகு விலகாமல் இருக்க விரலை வலிந்து திருகிப் பிடிக்கப் பழகியிருப்பான். அதே பிடியில் இடதுகைக் கத்தரிக்கோலும் சரியாக வெட்டாது. முதல் சில நாட்கள் 2 செ.மீ. அகலப் பட்டைகளை நேராக வெட்டித் தள்ளட்டும், பிடி தளர்ந்துவிடும். பள்ளிப் பைக்கும் அதே வகையில் இன்னொன்று, பெயர் எழுதி.